வண்டன்மேட்டில் அம்மாவின் கையெழுத்து

என் அம்மா கேரள மலையில் வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளிடம் எந்த அட்டையும் இல்லை. எந்த லயம், எந்தக் கங்காணி ஆள், கம்பத்துப் பக்கமா போடிப் பக்கமா என்ற மூன்றுக்கும் பதில் சொன்னால் போதும், வண்டன்மேட்டுக் கடைத்தெருவில் அரிசி கடனாகக் கிடைத்துவிடும். ஊரிலிருந்து வரும் கடிதத்தில் அவள் பெயரும் எஸ்டேட் பெயரும் வண்டன்மேடு போஸ்ட் என்ற சொல்லும் இருந்தால் லயத்து வாசலுக்கே வந்து சேரும். நீ யார் என்று தபால்காரர் அவளைக் கேட்டதே கிடையாது.

சம்பள நாளில் மட்டும் தான் இன்னார் என்பதற்கு அவள் ஓர் அடையாளம் வைத்தாக வேண்டும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால் மேசை போட்டு, செக் ரோலை விரித்து வைத்துக்கொண்டு கணக்குப்பிள்ளை உட்காருவார். பக்கத்தில் மை டப்பா. பெயரைக் கூப்பிட்டதும் பெண்கள் ஒவ்வொருவராகப் போய் இடது கட்டைவிரலை மையில் ஒற்றித் தாளில் அழுத்துவார்கள். பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, விரலில் மிச்சமிருந்த மையைத் தலைமுடியில் தேய்த்தபடி திரும்புவார்கள். சிறு பையனாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த ரேகையை யாரும் எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கணக்குப்பிள்ளைக்கு முகம் தெரியும். சரிபார்ப்பு அங்கேயே முடிந்தது.

அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. முகம் தெரிந்தவர் மனது வைத்தால்தான் முகத்துக்கு மதிப்பு. விடியலில் போய் நாள் முழுக்கத் தூரடியில் குனிந்து, சரத்திலிருந்து காய் எடுத்தவளுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி, போட்டிருந்தாலும் அவளுக்குத் தெரியாது. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாமல்தான் விரலை வைத்தாள். அலுவலகப் பதிவெல்லாம் மலையாளம். அவள் பெயரைக் கணக்குப்பிள்ளை தன் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். வயதையும் அவரே பார்த்துப் போட்டார். அன்று அவர் ஒரு நிமிடத்தில் எழுதியது பல வருடம் கழித்து எங்களை எவ்வளவு அலைக்கழித்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஒன்றிரண்டு வருடங்களில் மலையிலும் எங்கு பார்த்தாலும் எழுத்தைப் பற்றிய பேச்சுதான். அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது என் அக்கா. ராத்திரி சீமெண்ணெய் விளக்கில், பள்ளிக்கூடச் சிலேட்டில், அம்மாவின் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்து அதன்மேலேயே திரும்பத் திரும்ப எழுத வைப்பாள். காய் பறித்துக் கறைபிடித்த விரலில் குச்சி நிற்காது. ஆனாலும் விடவில்லை. ஒரு சம்பள நாளில் அம்மா மை டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்கு இனிமே மை வேணாங்கய்யா, பேனா குடுங்க" என்று கேட்டாள். கணக்குப்பிள்ளை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவையே எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து ரேஷன் கடை, தபால் நிலையம், என் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டை எதிலும் அவள் விரல் வைத்ததில்லை. அவள் வாழ்க்கையில் அவளாகச் சம்பாதித்த பட்டம் அந்தக் கையெழுத்து.

செல்போன் அவள் கைக்கு வந்தது அதற்கும் வெகுநாள் கழித்து. அதுவரை கம்பத்துக்கு ஒரு சேதி சொல்ல டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், பிறகு எஸ்டிடி பூத்துக்கு நடக்க வேண்டும். 2003-ல் உள்வரும் அழைப்புக்குக் காசில்லை என்று ஆனதும்தான் கூலிக்காரர் வீட்டுக்கும் போன் நுழைந்தது. அம்மாவின் சிம் கம்பத்தில் வாங்கியது. கம்பமெட்டு தாண்டினால் கேரளத் தொலைத்தொடர்பு வட்டம். தமிழ்நாட்டு சிம்முக்கு அப்போது அங்கே ரோமிங் கட்டணம். கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏறி வந்து சாயங்காலம் இறங்கிப் போகிறவர்கள் பகல் முழுக்க வெளிமாநிலத்தில் இருப்பதாகவே கணக்கு. வீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டால் எடுப்பவர் காசு போகும். அதனால் போனை அணைத்துப் பையில் போட்டு வைக்கும் பழக்கம் வந்தது. நம்பர் பேசுவதற்கு ஒன்று, அவ்வளவுதான். தொலைந்தால் இன்னொன்று.

அந்த நினைப்பு எப்போது பொய்யானது என்று எங்களுக்குத் தெரியாமல் போனதுதான் வேதனை. 2014-ல் பி.எஃப். உறுப்பினர்களுக்கு யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் வந்தது. எஸ்டேட் அலுவலகத்தில் எல்லோருடைய ஆதாரையும் செல்போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார்கள். 2021 செப்டம்பரிலிருந்து ஆதார் இணைக்காத கணக்கில் முதலாளி பணம் கட்டவே முடியாது என்றானது. பி.எஃப். கணக்கு, ஆதார், வங்கி மூன்றிலும் அம்மாவின் அதே பழைய நம்பர் ஏறியது. இனி இதுதான் உன் கையெழுத்து என்று ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை.

நம்பர் நம்முடையது என்று நாம் நினைக்கிறோம். சட்டப்படி அது நமக்குத் தரப்பட்டிருக்கும் ஒன்று, பயன்படுத்தும்வரைதான். 2013-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதி இது: முன்கட்டண நம்பரைப் பயன்படுத்தாமல் விட்டாலும் 90 நாளுக்கு முன்பு துண்டிக்கக் கூடாது. கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் காப்பாற்ற வேண்டும். துண்டித்த பிறகும் மீட்டுக்கொள்ள 15 நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகு நம்பர் போய்விடும். குறைந்தது 90 நாளாவது அதை வேறு யாருக்கும் தருவதில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் டிராய் சொன்னது. ஒரு நிறுவனமே போய்விட்டால் இந்தக் கெடு எதுவும் துணைக்கு வராது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் நடவடிக்கைக்குப் போனபோது தமிழ்நாடு முழுக்க சிக்னல் அற்று, நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்றும் குறியீடு கிடைக்காமல் மக்கள் கடை வாசலில் நின்றார்கள். அம்மாவினுடையது வேறு நிறுவனம் என்பதால் அன்று தப்பியது.

அது போனது சத்தமில்லாமல். வேலையை விட்டு இறங்கி, அக்கா வீட்டில் கம்பத்தில் இருக்கத் தொடங்கினாள். பேச வேண்டியவர்கள் அக்காவின் போனில் பேசினார்கள். பழைய போன் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. பி.எஃப். பணத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று நாங்கள் உட்கார்ந்தபோது நம்பர் இல்லை. கடவுச்சொல்லை மாற்றப் போனால் ஓடிபி பழைய நம்பருக்குப் போகிறது. நம்பரை மாற்றப் போனால் ஆதாரைச் சரிபார்க்கச் சொல்கிறது. ஆதாருக்கு வரும் ஓடிபியும் அதே பழைய நம்பருக்குத்தான் போகிறது. கணக்கில் அம்மாவின் உழைப்பு அத்தனையும் இருக்கிறது, திறக்க வழியில்லை.

அந்த நம்பருக்கே கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பையன் எடுத்தான். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையாம். புதுசாக வாங்கிய சிம். விஷயத்தைச் சொன்னதும் அவனே, "ஆமாண்ணே, கேஸ் சிலிண்டர், பேங்க்குன்னு யாரோ அம்மா பேருக்கு மெசேஜ் வந்துட்டே இருக்கு. ஓடிபி வந்தா படிச்சுச் சொல்லட்டுமாண்ணே?" என்று கேட்டான். நல்ல மனசோடுதான் கேட்டான். நான் வேண்டாம் என்றுவிட்டேன். ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று நாடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அவனிடமிருந்து வாங்கிப் பழகுவது சரியில்லை. போனை வைத்ததும் அம்மா கேட்டாள், "அப்ப அந்தப் புள்ளதான் இப்ப நானாப்பா?" கம்பியூட்டருக்கு அப்படித்தான். வண்டன்மேட்டில் பாதி ஊருக்குத் தெரிந்த ஒருத்தியை அது யாரென்று கேட்கிறது. அவள் முகத்தையே பார்த்திராத ஒரு பையன் அவளாக உள்ளே போகலாம். அவன் யோக்கியனாக இருக்கப் போய் ஒன்றும் ஆகவில்லை.

வண்டன்மேட்டை அடுத்த புற்றடியில் ஏலக்காய் ஏலமே கம்பியூட்டருக்கு மாறிவிட்டது. அங்கேகூட வியாபாரி லாட் நம்பரை மட்டும் நம்பி விலை கேட்பதில்லை. மாதிரிக் காயைக் கையில் வாங்கி, நிறமும் பருமனும் பார்த்துத்தான் பொத்தானை அழுத்துகிறார். காய்க்குக் கிடைக்கும் அந்த மரியாதை காய் பறித்தவளுக்கும் கிடைக்க வேண்டும்.

முதலில் ஆதாரில் நம்பரை மாற்ற வேண்டும். அதற்கு வேறு சான்று தேவையில்லை, அன்றைக்கு இருந்த 50 ரூபாய் கட்டணமும் விரல் ரேகையும் போதும் என்றார்கள். மை டப்பாவைத் தள்ளிவிட்டுப் பேனா கேட்டவள் மறுபடியும் விரலை நீட்டினாள். கருவி எடுக்கவில்லை. துடைத்து வைத்தும் எடுக்கவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் எடுக்கவில்லை. "பாட்டி, கொஞ்சம் அழுத்தி வைங்க" என்றாள் ஆதார் மையத்தில் இருந்த பெண். "தேஞ்சுபோச்சு தாயி, அம்புட்டும் மலையிலயே போச்சு" என்றாள் அம்மா. மண்ணிலும் சருகிலும் மருந்துத் தண்ணியிலும் கிடந்த விரல்கள் அவை. ரேகை அழிந்ததற்குக் காரணமான வேலையின் கூலியைத்தான் அந்த ரேகையைக் காட்டி வாங்கச் சொன்னோம். கடைசியில் கருவிழியை வைத்துப் பார்த்தார்கள். ஒரு கண்ணில் புரை நீக்கியிருந்தது. இன்னொரு கண் கைகொடுத்தது.

நம்பர் மாறி, கணக்கும் திறந்தது. அப்போதுதான் கணக்குப்பிள்ளையின் அந்த ஒரு நிமிடம் எதிரே வந்து நின்றது. தமிழ்ப் பெயர் மலையாளத்துக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனதில் ஓர் எழுத்து கூடியிருந்தது. பிறந்த வருடமும் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை. இதைத் திருத்த முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கையெழுத்திடும் ஜாயின்ட் டிக்ளரேஷன் படிவம் கொடுக்க வேண்டியிருந்தது. எஸ்டேட் கைமாறியிருந்தது. புது மேனேஜருக்கு அம்மாவைத் தெரியாது. அவர் தயங்கிக்கொண்டிருந்தபோது எங்கள் லயத்தில் பிறந்து வளர்ந்து இப்போது சூப்பர்வைசராக இருக்கும் ஒருவர் உள்ளே வந்தார். "சாரே, இது நம்ம அக்கா. என்னைத் தூக்கி வளர்த்தவங்க" என்றார். பழைய செக் ரோல்களை இறக்கிப் பார்த்தார்கள். முதல் பக்கங்களில் மை ரேகை, பிறகு வருடக்கணக்கில் அவள் கையெழுத்து. மேனேஜர் படிவத்தில் போட்டுக் கொடுத்தார். அம்மா அதன் கீழே தன் பெயரைத் தமிழில் எழுதினாள்.

பணம் வந்தது, ஓய்வூதியமும் வருகிறது. ஆனால் இது நியாயமான வழி என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த சூப்பர்வைசர் வேறு தோட்டத்துக்குப் போயிருந்தால்? செக் ரோலைக் கரையான் தின்றிருந்தால்? எங்களைப்போல் ஆள் பின்னால் நிற்காத பெண்கள் மெட்டு நெடுக இருக்கிறார்கள். துண்டிக்கப்பட்ட நம்பர்களின் பட்டியல் அரசிடமே இருக்கிறது. வங்கிகள் அதைப் பார்த்துத் தங்கள் பதிவுகளைச் சரிசெய்ய வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. செத்த நம்பரை நீக்கத் தெரிந்தவர்கள், அந்த நம்பருக்கு உரியவளுக்கு வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம் போட வேண்டும். கூலி வேலை செய்தவர்களின் பணம் இருக்கும் ஒவ்வோர் அலுவலகத்திலும், நம்பர் இல்லாமல் வருகிறவரை உட்கார வைத்துக் கேட்க ஒரு மேசையும் ஓர் ஆளும் வேண்டும்.

அதுவரை நம் வேலையை நாம் செய்வோம். உங்கள் வீட்டில் மலைக்கு வேலைக்குப் போய் வந்த அம்மா, அப்பா, சித்தி, பெரியப்பா இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்: ஆதாரில் எந்த நம்பர், பி.எஃப்.பில் எந்த நம்பர், வங்கியில் எந்த நம்பர்? பெயரும் பிறந்த தேதியும் மூன்றிலும் ஒன்றுபோல இருக்கிறதா? அந்தப் பழைய சிம்முக்கு ஒரு ரீசார்ஜ் போட்டு உயிரோடு வைத்திருங்கள். அது அவர்கள் கையில் இருக்கும்போதே வேண்டியதை மாற்றிவிடுங்கள்.