முதுகு ஆபரேஷன்: படுப்பதா, நடப்பதா?

கேள்வி: மாமியாருக்கு முதுகுத்தண்டில் ஸ்க்ரூ, ராடு வைத்து ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறோம். டாக்டர் நடக்க வைக்கச் சொல்கிறார். பார்க்க வருகிறவர்கள் எல்லாம், ‘மூணு மாசம் அசையவே கூடாது’ என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது? (வாசகி, மதுரை)

பதில்: வருகிறவர்களிடம் ஆரஞ்சுப் பழத்தை வாங்கிக்கொள்ளுங்கள், ஆலோசனையை டாக்டரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். படுத்தே கிடந்தால் சீக்கிரம் குணமாகும் என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தாயிற்று. படுக்கை ஓய்வு பற்றிய 39 ஆய்வுகளைத் திரட்டிய கட்டுரை ஒன்று 1999-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. அவற்றில் 24 ஆய்வுகள், ஏதோவொரு மருத்துவச் செயல்முறைக்குப் பின் நோயாளியைப் படுக்க வைத்தவை. அந்த ஓய்வால் எதிலும் குறிப்பிடத்தக்க நன்மை தெரியவில்லை. சிலவற்றில் நிலைமை மோசமானது. ‘அதெல்லாம் முதுகில் ஸ்க்ரூ வைத்த ஆபரேஷன் இல்லையே’ என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் உடம்பு ஒன்றுதானே! கெண்டைக்கால் தசை சுருங்கும்போது காலில் இருக்கும் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. கால் சும்மா கிடந்தால் ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. தசை நாளுக்கு நாள் இளைக்கும், சளி கட்டும். வலி மாத்திரைகள் சில ஏற்கெனவே மலச்சிக்கல் தரும். படுக்கை அதை இறுக்கும். ஆகவே மறுப்பு ஏதும் டாக்டர் சொல்லாதவரை நடக்க வையுங்கள். ஒரே மூச்சில் நெடுந்தூரம் வேண்டாம். கூடத்திலிருந்து வாசல் வரை, ஒரு நாளைக்குப் பல தடவை நடக்கட்டும்.

கேள்வி: நடந்தால் ஸ்க்ரூ கழன்றுவிடாதா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: எலும்போடு எலும்பு ஒட்டிச் சேரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை பந்தக்கால் மாதிரி தாங்கி நிற்கத்தான் ஸ்க்ரூவும் ராடும். நிமிர்ந்து மெல்ல நடக்கிற பாரத்தைக் கணக்கில் வைத்துத்தான் அவற்றைப் பொருத்துகிறார்கள். கவலைப்பட வேண்டியது மூன்றுக்கு: குனிவது, முறுக்குவது, தூக்குவது. பதினைந்து லிட்டர் குடம் என்றால் தண்ணீரே பதினைந்து கிலோ. முதல் வாரங்களில் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்பதே வழக்கமான அறிவுரை. தரையில் பாய், குந்தி உட்காரும் கழிப்பறை இரண்டுக்கும் விடுமுறை கொடுங்கள். உயரமான கட்டிலும் கம்மோடு நாற்காலியும் வரட்டும். கையைப் பிடித்து இழுத்து எழுப்பும் பாசம் முதுகை முறுக்கிவிடும். படுக்கையிலிருந்து எழ ஒரு முறை உண்டு: இரண்டு முழங்காலையும் மடக்க வேண்டும். தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்ப, மரக்கட்டை உருளுவது போல ஒருக்களிக்க வேண்டும். பிறகு கால்கள் கட்டிலுக்கு வெளியே இறங்க இறங்க, கையை ஊன்றி உடம்பை நிமிர்த்த வேண்டும். படுப்பதும் இதே வழியில், பின்னிருந்து முன்னாக.

கேள்வி: வலிக்கிறதே! வலி என்றால் உடம்பு ‘நிறுத்து’ என்று சொல்வதுதானே? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: எல்லா வலியும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. ஆபரேஷனில் விலக்கிய தசை, தையல் போட்ட தோல் எல்லாம் சில வாரம் வலிக்கத்தான் செய்யும். நடந்ததும் கொஞ்சம் கூடி, சற்றுப் படுத்ததும் அடங்கினால் அது ஆறுகிற புண்ணின் வலி. தாங்க முடியாமல் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்காமல், எழுதிக் கொடுத்த நேரத்துக்கு மாத்திரையைப் போட்டால்தான் நடக்கவே முடியும். அன்றைய நடை மறுநாளும் வலித்தால் தூரத்தைக் குறையுங்கள், நடையை நிறுத்தாதீர்கள். உண்மையில் ‘நிறுத்து’ என்று சொல்லும் குறிகள் வேறு: காய்ச்சல், தையலில் சீழ் அல்லது நீர்க்கசிவு, காலில் புதிதாகப் பலமின்மை, சிறுநீர் வராமல் அடைப்பது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது, மூச்சுத் திணறல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஓய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடைக்கும் நடைக்கும் நடுவே படுப்பது ஓய்வு. நடையே இல்லாமல் படுப்பது இன்னொரு நோய். அடுத்து வருகிறவர் ‘அசையாதீங்க’ என்று தொடங்கினால், அவர் அன்புக்கு ஒரு வேலை கொடுங்கள். தண்ணீர்க் குடத்தை அவர் தூக்கட்டும். மதுரை மாமியார் வாசல் வரை நடந்துவிட்டு வரட்டும்.