துட்டும் அதன் உறவுக்காரர்களும்

துட்டு என்பது ஒரு காலத்தில் புழங்கிய சின்னச் செப்புக்காசு. இன்று அந்தக் காசு நாணயம் சேர்ப்பவர்களிடம் மட்டுமே கிடைக்கும். பெயரோ புதுச்சேரி எல்லையிலுள்ள கோரிமேட்டு டீக்கடையில் நாள் முழுக்கக் கிடைக்கும். "துட்டு எடு" என்றால் அங்கே யாரும் செப்பைத் தேடுவதில்லை. கைபேசியைக் காட்டினாலும் கணக்குத் தீர்ந்துவிடும்.

சொல்லின் பிறப்பில் வழக்கு உண்டு. டச்சுக்காரர்களின் 'டாய்ட்' என்ற செப்புக்காசே துட்டானது என்பது ஒரு கட்சி. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே சொல் இருப்பதைக் காட்டி உறவு கொண்டாடுவது மறு கட்சி. 1693-இல் புதுச்சேரியைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1699-இல் ஊரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்; சொல்லை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் துட்டை 'தூதூ' ஆக்கினார்கள். அவர்கள் வெளியிட்ட காசில் ஒரு பக்கம் பிரெஞ்சு அரசரின் லில்லிப்பூ, மறு பக்கம் தமிழில் 'புதுச்சேரி'. இன்றைய பிரெஞ்சில் 'தூதூ' என்றால் குழந்தை கட்டிக்கொண்டு தூங்கும் துணிப்பொம்மை. துட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிரெஞ்சு இந்தியக் கணக்கில் 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். ஆக ரூபாய்க்கு 192 காசு. எல்லைக்கு அப்பால் ஆங்கிலேயர் பகுதியில் ரூபாய்க்கு 192 தம்படி. கொடி வேறானாலும் ஏழையின் கணக்கு ஒன்றே.

இந்தச் சில்லறைப் பெயர்களுக்குள் இலக்கண வேறுபாடு உண்டு. காசு, பணம், துட்டு மூன்றும் இருக்கும்போதும் வரும், இல்லாதபோதும் வரும். தம்படியும் சல்லிக்காசும் எதிர்மறை வினையோடுதான் வாழும். "ஒரு தம்படி தரமாட்டேன்", "சல்லிக்காசு பெறாது" என்பார்கள். "என்னிடம் ஒரு தம்படி இருக்கிறது" என்று மகிழ்ந்தவர் எவருமில்லை. தங்கத்தால் ஆன வராகனுக்கு அந்த எதிர்மறை வாழ்வும் வாய்க்கவில்லை. பை கனத்தவரை ஊர் "துட்டுக்காரர்" என்கிறதே தவிர "வராகன்காரர்" என்பதில்லை.

கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. அந்த எல்லையில் பாட்டிலைச் சோதிப்பார்கள். தேர்தல் வந்தால் துட்டையும் சோதிப்பார்கள். சொல்லுக்கு மட்டும் சோதனை கிடையாது. இருபுறமும் ஒரே பொருள்தான்.

1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்து அணாவை ஓரங்கட்டியது. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாதவை ஆயின. 50 பைசா சட்டப்படி இன்றும் செல்லும். அதற்கு ஊர் வைத்த பெயர் எட்டணா.