பேட்டரிக்குக் காவல்

இங்கிலாந்தின் கால்வாய் ஒன்றில் படகைக் கட்டிவிட்டு லண்டன் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்கு, மீட்டிங்கிலும் கண் போனில்தான். படகின் ஈய-அமில பேட்டரி அதில் 12.7 வோல்ட் காட்டினால் முகத்தில் நிம்மதி. 12.2 என்றால் பாதி காலி. அவர் முகம் போகிற போக்கைப் பார்த்து, கணக்கு வாசித்துக்கொண்டிருப்பவர் தன் கணக்கில்தான் தப்போ என்று பதறுகிறார். இந்த எண்ணை அனுப்பக் கண்காணிப்புப் பெட்டியும் ரவுட்டரும் 10 வாட் இழுத்தால், நாளொன்றுக்கு 20 ஆம்பியர்-மணி காலி. டிசம்பர் வெயிலில் சோலார் பலகை அதை ஈடுகட்டினால் அதிசயம்! ஃபிரிட்ஜ் இல்லை, விளக்கு இல்லை. ஆளில்லாத படகில் பேட்டரியைத் தின்பது அதற்குப் போட்ட காவல்காரர் மட்டுமே. பேட்டரி அடியோடு தீர்ந்தால் ரவுட்டர் உடனே சேதி சொல்லும் என்று படகுக்காரருக்கு நம்பிக்கை. ரவுட்டர் ஓடுவதும் அதே பேட்டரியில்தான்.