அடுப்புக்கு நாலு போத்தல்

தோட்டத்து லயத்தில் அடுப்படியைச் சுத்தம் செய்ய யாரும் காசு கொடுத்து எதையும் வாங்கியதில்லை. அழுக்கையும் அதைப் போக்கும் பொடியையும் அடுப்பே தந்துவிடும். மறுநடவுக்குச் சாய்த்த பால்மரக் கட்டை எரிந்து மிஞ்சிய சாம்பலைத் தேங்காய் நாரில் தொட்டுத் தேய்த்தால் எந்தப் பிசுக்கும் இளகும். சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் எண்ணெயோடு கூடி அரைகுறைச் சோப்பாகிறதாம், பின்னால் படித்தேன். விடியுமுன்னே பெரட்டுக்கு ஓடிய அம்மாவுக்கு வேதியியல் பார்க்க ஏது நேரம்? வெள்ளிக்கிழமையானால் சாணம் மெழுகி, அடுப்புக்கும் ஒரு கோலம். அவ்வளவுதான்.

பிறகு மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. சாம்பல் போயிற்று, கரி போகவில்லை. திரிகளை ஒரே மட்டமாகக் கத்தரிப்பது அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை வேலை. ஒன்று தூக்கி நின்றாலும் பானைக்கடி கறுக்கும், தோசை மண்ணெண்ணெய் வாடை அடிக்கும்.

இப்போது பெஸ்தாரி ஜெயா தாமான் வீட்டில் கண்ணாடி வைத்த கேஸ் அடுப்பு. 14 கிலோ தோங் அரசாங்க மானியத்தில் 26 வெள்ளி 60 காசு. அடுப்பைக் குளிப்பாட்டும் போத்தல்களுக்குத்தான் மானியம் கிடையாது. பிசுக்குக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, எவர்சில்வருக்கு ஒன்று. நாலாவது எலுமிச்சை வாசத்துக்கு மட்டும் என்று நினைக்கிறேன்.

இதே வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஆங்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். (மலாயாவை வைத்து நாவல் எழுதி 1930-இல் கோன்கூர் பரிசும் வாங்கியவர். அவர் பங்களாவில் அடுப்படியைத் துலக்கியது யாரோ!) இன்று பர்னரில் தெறித்துக் கறுப்பது செம்பனை எண்ணெய். அதைக் கழுவும் பல திரவங்களில் நுரை தருவதும் செம்பனைப் பருப்பெண்ணெயிலிருந்து எடுத்த சரக்கு. ஒரே மரம் நம்மிடம் இரண்டு தடவை காசு வாங்குகிறது.

போன தீபாவளிக்கு முன் என் மனைவி ஒரு வீடியோவைப் பார்த்து, அலுமினிய பர்னர் மூடிகளைச் சுடுநீரில் சோடா மாவு போட்டு ஊறவைத்தாள். காரம் பட்டால் அலுமினியம் கறுக்கும். கறுத்தது.

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தபடி கேட்டார்: "சாம்பலே இல்லாத அடுப்பு. அதக் கழுவ இத்தன சாமானாம்மா?"

"தீ மஞ்சளா எரியுது அத்தே, ஓட்டையெல்லாம் அடைச்சிருக்கு."

வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினார் அம்மா. மூடியைக் கவிழ்த்துத் தட்டி, ஓட்டை ஓட்டையாகக் குத்தினார். கரித்தூளும் எப்போதோ பொங்கிய பாலின் பொருக்கும் உதிர்ந்தன. துடைத்துக் காயவைத்துப் பற்றவைத்ததும் தீ நீலமாக நின்றது.

மனைவி அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கிள்ளானிலிருந்து உடனே கேள்வி வந்தது: "எந்தப் போத்தல் அண்ணி? ஆன்லைன்ல கிடைக்குமா?"