எதிரி விட்டுவைத்த மிச்சம்

1943 டிசம்பரில் பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரைக் கரியாக்கிவிட்டுப் போயின. ஆனால் பல்கலைக்கழகத்தின் புனித பவுல் தேவாலயம் பெரிய சேதமின்றித் தப்பித்தது. எதிரிக்குக் குறி பார்க்கத் தெரியவில்லை. அந்தக் குறையைக் கிழக்கு ஜெர்மனியின் கட்சிப் பெரியவர்கள் சமாதான காலத்தில் தாங்களே தீர்த்துவைத்தார்கள்.

அது செய்த குற்றம்? 1240-இல் தொமினிக்கத் துறவிகளின் கோயிலாக அர்ப்பணமானது. 1545-இல் மார்ட்டின் லூதரே வந்து சீர்திருத்தச் சபைக்கு அர்ப்பணித்தார். ஒரே உயரத்தில் எழுந்த மூன்று நடைகள், மேலே வலைபோல் பின்னிய கோதிக் விதானம். சாக்சனி ஆட்சியாளரின் மனைவிக்காக இசையமைப்பாளர் பாக் எழுதிய இரங்கல் இசை 1727-இல் ஒலித்ததும், 1847-இல் இசையமைப்பாளர் மெண்டல்சனுக்கு இறுதி ஆராதனை நடந்ததும் இங்கேதான். இவ்வளவு பழம்பெருமையோடு கார்ல் மார்க்ஸ் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தை ஒட்டியே நின்றால் திமிர் இல்லாமல் வேறென்ன? நாட்டின் தலைவர் வால்டர் உல்பிரிக்ட்டோ இதே ஊரில் பிறந்தவர். மண்ணின் மைந்தர் மண்ணுக்குச் செய்த மரியாதை!

1968 மே 23. இயேசு விண்ணேறிய திருநாள் பார்த்து நகர்மன்றம் கூடியது. தேவாலயத்துக்கு இடமே இல்லாத புதிய கட்டட வரைபடத்துக்குக் கைகள் வரிசையாக உயர்ந்தன. எதிர்த்து உயர்ந்தது ஒரு பாதிரியாரின் கை மட்டுமே. மே 30 காலை வெடிவைத்தார்கள். ஏழு நூற்றாண்டு சில நொடிகளில் புழுதி. இடிபாடுகள் மணல் குழிக்குப் போயின.

மறுமாதமே அதே ஊரில் சர்வதேச பாக் இசைப் போட்டி. பாக்கின் இசை ஒலித்த கூரையைத் தகர்த்தவர்களே பாக்குக்கு விழா எடுத்தார்கள், கூச்சமே இல்லாமல்! ஜூன் 20 நிறைவு விழா மேடையில், அலாரக் கடிகாரத்தால் இயங்கிய பொறி ஒன்று ஒரு துணியை அவிழ்த்துவிட்டது: தேவாலயத்தின் உருவம், மீண்டும் கட்டு என்ற கோரிக்கை. அரங்கம் கைதட்டியது. உளவுத்துறை வலைவீசியது. அந்தத் துணிக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவரான ஹரால்ட் ஃப்ரிட்ஷ் மடக்குப் படகில் கருங்கடல் வழியே துருக்கிக்குத் தப்பினார். பிறகு குவார்க் என்ற நுண்துகள் ஆய்வில் உலகப் புகழ் பெற்றார். ஒரு கோயிலை இடித்து ஒரு விஞ்ஞானியையும் துரத்தியாயிற்று. திட்டமிட்ட பொருளாதாரம் என்றால் சும்மாவா?

கோயில் போய்க் காலியான இடத்தில் கான்கிரீட் கட்டடம். அதன் நெற்றியில் மார்க்ஸ் முகத்துடன் 33 டன் வெண்கலச் சிற்பம்.

கட்சியின் ஆட்சி போனது. கோயிலா, மண்டபமா என்று ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டு, 2017-இல் அதே இடத்தில் இரண்டும்கெட்டானாக ஒன்றைத் திறந்தார்கள். நடுவே கண்ணாடிச் சுவர். ஒருபக்கம் ஜெபம், மறுபக்கம் பட்டமளிப்பு. சில கண்ணாடித் தூண்கள் தரையைத் தொடாமல் தொங்குகின்றன. மார்க்ஸ் சிற்பத்தை மட்டும் பதமாகக் கழற்றி, வேறு வளாகத்தில் நிறுத்தி, விளக்கப் பலகையும் வைத்தார்கள். கோயிலுக்குக் கிடைத்தது ஏழு நாள் அவகாசம்.