கால் நனைக்க எங்கே இறங்கணும்?

தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்களுக்கு மகாராஷ்டிரத்தில் ஒரே ஊர்தான் உண்டு. நாசிக்கில் வேலை பார்ப்பவன், நாக்பூரில் கடை வைத்திருப்பவன், சோலாப்பூரில் பெண் எடுத்தவன், எல்லாரும் ‘பாம்பேயில இருக்கான்’. 1995-ல் அரசாங்கம் பெயரை மும்பை என்று மாற்றியது இவர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. இந்தக் கணக்கில் தேஹு ரோடில் பிறந்து, வளர்ந்து, இப்போது நரைத்தும் கொண்டிருக்கும் நானும் ஒரு பாம்பேக்காரன்.

புனேயிலிருந்து லோனாவலா போகும் லோக்கலில் ஆகுர்டிக்கு அடுத்த ஸ்டேஷன் நாங்கள். ராணுவத்தின் வெடிமருந்துக் கிடங்கு, ஆர்டினன்ஸ் டிப்போ, கன்டோன்மென்ட், டிப்போ வேலைக்கென்று அந்தக் காலத்தில் ரயிலேறி வந்து இங்கேயே ரேஷன் கார்டு வாங்கிவிட்ட தமிழர்களும் மலையாளிகளும் தெலுங்கர்களும். இதுதான் எங்கள் ஊர். பெருமைக்கும் குறைவில்லை. 1954 டிசம்பர் 25 அன்று அம்பேத்கர் தம் கையால் புத்தர் சிலையை நிறுவிய விஹார் இங்கே இருக்கிறது. பக்திக் கவி துக்காராம் பிறந்த தேஹு பக்கத்திலேயே. ஆனால் கடல் இல்லை. கடலுக்கும் எங்களுக்கும் நடுவே சஹ்யாத்ரி மலை குறுக்கே படுத்திருக்கிறது.

இதை விளக்கினால் யார் கேட்கிறார்கள்? வரும் விருந்தாளி கை கால் கழுவி, காபி குடித்து, பெட்டியைத் திறந்து முறுக்கு டப்பாவை வெளியே வைத்ததும் கேட்கும் முதல் கேள்வி: “பீச்சுக்கு எப்ப போறோம்?”

போன வருடம் நாகர்கோவிலிலிருந்து என் மனைவியின் பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். எனக்கு மாமா, அத்தை. மாமா மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ‘நாயகன்’ வந்த 1987-லிருந்து பாம்பே பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பவர். இடையில் ‘காலா’ வேறு வந்து ஆசையைக் கிளறிவிட்டது. ஆகவே அவருக்குத் தாராவி, அத்தைக்குக் கடல், இருவருக்கும் பொதுவாக அமிதாப் பச்சன்.

தேஹு ரோடிலிருந்து மும்பைக்கு ரயிலில் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. மும்பை மேற்கே, நாங்கள் முதலில் கிழக்கே போக வேண்டும். எக்ஸ்பிரஸ்கள் எங்கள் ஸ்டேஷனை மதிப்பதில்லை. லோக்கல் பிடித்துப் பின்னோக்கிப் போய், எக்ஸ்பிரஸ் நிற்கும் இடத்தில் ஏறினால், அது நாம் கிளம்பிய பிளாட்பாரத்தையே தூசி கிளப்பிக்கொண்டு கடக்கும். “மாப்ள, இது நம்ம ஸ்டேஷன்லா?” என்றார் மாமா. ஆமாம் என்றேன். “அப்ப நாம எதுக்கு அங்க போனோம்?” இதற்கு எங்கள் ஊரில் யாருக்கும் பதில் தெரியாது.

போர் காட் மலைப்பாதையில் ரயில் இறங்கும்போது மாமாவுக்கு உற்சாகம் வந்தது. குகை, பள்ளத்தாக்கு, அருவி எதற்கும் இல்லை. இந்த மலையின்மேல் பெய்யும் மழையை லோனாவலா, வல்வன், ஷிராவ்டா ஏரிகளில் தேக்கி, குழாயில் கீழே கோபோலிக்கு இறக்கி, 1915-லிருந்து டாடா கம்பெனி மும்பைக்கு மின்சாரம் கொடுத்துவருகிறது என்று நான் சொன்னதற்கு. “அப்ப இவங்க பட்டணத்துக்கு வெளிச்சமே உங்க மலைத் தண்ணியா!” என்று எழுந்து நின்றுவிட்டார். பிறகு கோதையாறு மின்நிலையத்தைப் பற்றி கர்ஜத் வரும்வரை பேசினார். அதிலேயே அவருக்கு டிக்கெட் காசு வசூலாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மனிதர்கள் எதற்காகக் கிளம்பினார்களோ அதைப் பார்க்காமல் திரும்பமாட்டார்கள்.

கேட்வே ஆஃப் இந்தியாவை முதலில் பார்த்தோம். அந்த வாசலின் கதை எனக்குப் பிடித்தமானது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1911-ல் வந்திறங்கியதன் நினைவாகக் கட்டியது. மன்னர் வந்தபோது வாசல் இல்லை. அட்டையில் செய்த ஒன்றைத்தான் நிறுத்தி வைத்திருந்தார்களாம். நிஜமான கல்வாசல் முடிந்தது 1924-ல். அதன் வழியாக மிக முக்கியமாக நடந்தது வருகை அல்ல, வழியனுப்பு: 1948 பிப்ரவரி 28-ல் கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு இதன் வழியாகத்தான் கப்பலேறியது. வரவேற்புக்குக் கட்டி வழியனுப்ப உபயோகமான வாசல்! மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “புறா நெறைய இருக்கு” என்றார்.

அடுத்து மரைன் டிரைவ். மும்பையின் புகழில் பாதி இந்தச் சுவரின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கிட்டத்தட்ட மூன்றரைக் கிலோமீட்டர் வளைவு, ஒருபுறம் கடல், மறுபுறம் 1930-களின் ஆர்ட் டெகோ மாடிவீடுகள். அந்த வீடுகளை 2018-ல் யுனெஸ்கோகூடப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ராத்திரி விளக்கு எரிந்தால் ‘ராணியின் கழுத்தணி’ என்பார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு: கழுத்தணி தெரிய வேண்டுமென்றால் மலபார் ஹில் ஏற வேண்டும். மலபார் ஹில் ஏறிவிட்டால் சுவரில் உட்கார்ந்து காற்று வாங்க முடியாது. கழுத்தணிக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு முன்னால் கடல், பின்னால் ஹாரன், அவ்வளவுதான்.

அத்தை சுவர் ஓரம் நின்று கீழே எட்டிப் பார்த்தார். அலையை உடைக்கப் போட்டிருக்கும் நான்கு கால் கான்கிரீட் கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. இடுக்கில் ஒரு நண்டு, இரண்டு சிப்ஸ் பாக்கெட், ஒரு ஒற்றைச் செருப்பு.

“கால் நனைக்க எங்கே இறங்கணும்?”

தமிழர்கள் கடலை மதிப்பிடும் முறை இதுதான். ஆழம், நிறம், யுனெஸ்கோ எதுவும் முக்கியமில்லை. செருப்பை ஒரு கையில் எடுத்து, சேலையை ஒரு சாண் தூக்கிப் பிடித்து, அலை வரும்போது “ஐயோ” என்று பின்னால் ஓட இடம் இருக்கிறதா? மெரினாவில் ரோட்டிலிருந்து தண்ணீருக்கு நடப்பதற்குள் ஒரு சுண்டல் பொட்டலம் காலியாகிவிடும், அவ்வளவு மணல். கன்னியாகுமரிக்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இங்கே ஏழு தீவுகளைத் தூர்த்து ஒட்டிய ஊர், தூர்த்த மண்ணின் விளிம்பில் சுவர் எழுப்பி, மிச்சக் கடலை நாற்காலி போட்டுப் பார்ப்பதுபோல் பார்க்கிறது. பார்க்கலாம், தொடக் கூடாது. எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். மணல் உதற வேண்டியதில்லை. ஆனால் அத்தைக்கு இது ஏமாற்று வேலையாகவே பட்டது.

அப்போது சூரியன் கடலில் இறங்க ஆரம்பித்தது. சுற்றி இருந்த அத்தனை பேரும் செல்போனைத் தூக்கினார்கள். நானும் இதற்காவது மதிப்பெண் கிடைக்கும் என்று மாமாவைப் பார்த்தேன். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேலதிகாரி மீட்டர் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“இங்க அஸ்தமனம் மட்டும்தானா?”

“ஆமா மாமா. மேற்குக் கடல்.”

“நம்ம ஊர்ல ரெண்டும் உண்டு பாத்துக்கோ. ஒரே எடத்துல நின்னு காலையில எந்திரிக்கதையும் பாக்கலாம், சாயங்காலம் விழதையும் பாக்கலாம்.”

மும்பை தோற்றுவிட்டது. சூரியனை வைத்து வியாபாரம் செய்யும் எந்த ஊரும் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரிடம் வாயைக் கொடுக்கக் கூடாது.

கால் நனைத்தே தீருவது என்று கிர்காம் சௌபாத்திக்கு நடந்தோம். திலகருக்கு 1920-ல் இறுதிச் சடங்கு நடந்த கடற்கரை. அவர் சிலையும் அங்கே இருக்கிறது. மணல் உண்டு. தண்ணீர் டிப்போ காண்டீன் டீயின் நிறம். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுத் தைரியமாக இரண்டடி போனார். திரும்பி வருவதற்குள் ஒரு செருப்பைக் கடல் கொண்டுபோய்விட்டது. எங்கள் இந்திராயணி நதி, துக்காராமின் அபங்கப் பாடல் சுவடிகளைப் பதின்மூன்று நாள் வைத்திருந்து ஓர் எழுத்துகூட அழியாமல் திருப்பிக் கொடுத்தது என்பது ஐதீகம். அரபிக்கடலிடம் அந்த நாணயத்தை எதிர்பார்க்க முடியாது. அரை மணி நேரம் நின்று பார்த்தோம். வரவில்லை.

இந்த ஊரைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. மும்பையின் நல்ல பேர்கள் எல்லாம் கருணை மதிப்பெண்ணில் பாஸ் ஆகிறவை. கெட்ட பேர்கள்தான் நூற்றுக்கு நூறு. கடல் அழகு என்பார்கள், சுமார்தான். ஆனால் கூட்டம் என்பார்கள் பாருங்கள், அதில் ஒரு வார்த்தை மிகையில்லை. சாயங்கால லோக்கலில் நிற்கும் கூட்டத்துக்கு ரயில்வேக்காரர்களே ‘சூப்பர் டென்ஸ் க்ரஷ் லோட்’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ஒரு சதுர மீட்டரில் பதினான்கிலிருந்து பதினாறு பேர். மாமா இதை நம்பவில்லை. தாதரில் ஏறியதும் நம்பினார். ஏறியது என்று இலக்கணத்துக்காகச் சொல்கிறேன், ஏற்றப்பட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைக்கக் கையைத் தூக்கியவர் அந்தக் கையை இறக்க இடமில்லாமல், இறங்க வேண்டிய ஸ்டேஷன் வரை யாருக்கோ ஆசீர்வாதம் செய்தபடியே வந்தார்.

மழையும் அப்படித்தான். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் இருபத்துநாலு மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. தமிழ்நாட்டுக்கு ஒரு வருடம் முழுக்கச் சராசரியாகப் பெய்வதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். வீட்டு வாடகை இன்னொரு சத்தியமான புகழ். போர்ச்சுகல் இளவரசி கல்யாணத்தில் சீதனமாக வந்த பம்பாய்த் தீவுகளை இங்கிலாந்து அரசர் 1668-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டார்: வருடத்துக்குப் பத்து பவுண்டு, முழு ஊருக்கும். மும்பையில் நியாயமான வாடகை இருந்தது அந்த ஒரு தடவைதான் என்பது என் ஆராய்ச்சி முடிவு.

நல்ல பேர்களில் முழு மதிப்பெண் வாங்கும் ஒன்றும் இருக்கிறது. டப்பாவாலாக்கள். 1890-ல் மகாதேவ் ஹாவாஜி பச்சே ஆரம்பித்து வைத்த வேலை. வீட்டுச் சாப்பாட்டை ஆபீஸுக்குத் தப்பாமல் கொண்டுசேர்க்கும் அந்தத் திறமையைப் பார்க்க 2003-ல் இளவரசர் சார்லஸே சர்ச்கேட்டுக்கு வந்து நின்றார். ஆனால் அவர்கள் மும்பைக்காரர்களா? மாவள், கேட், ஜுன்னர் என்று எங்கள் பக்கத்துத் தாலுகாக்களிலிருந்து போனவர்கள்தான் பெரும்பாலும். தலையில் காந்தி குல்லா, கழுத்தில் துளசி மணி, நாக்கில் துக்காராம். மின்சாரம் எங்கள் மலையிலிருந்து. டப்பாவும் எங்கள் ஆட்கள் கையில். மிச்சமிருக்கும் புகழில் பாதி சினிமாக்காரர்களுடையது. மும்பைக்குச் சொந்தமாக இருப்பது ஹாரன் ஒன்றுதான் என்று புனேப் பக்கத்து மனிதனாகிய நான் சொல்வேன். இதில் கொஞ்சம் பொறாமை உண்டு. எங்களுக்குக் கடல் இல்லையே.

ஜுஹுவில் அமிதாப் வீட்டுக்கு முன்னால் நின்றோம். கேட் மூடியிருந்தது. காவலாளி ஒருவர் கொட்டாவி விட்டார். மாமா கேட்டோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார். ஒரு கார் வெளியே வந்தது, கறுப்புக் கண்ணாடி. எல்லாரும் கையசைத்தார்கள், மாமாவும் அசைத்தார். உள்ளே டிரைவர் மட்டும்தான் என்பது என் அபிப்பிராயம்.

தாராவிக்கு நேரமில்லாமல் போயிற்று. மாமா சண்டைக்கு வருவார் என்று பயந்தேன். ஆனால் அதற்குள் மாட்டுங்கா வந்துவிட்டது. மும்பைத் தமிழர்களின் பழைய பேட்டை. தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932-ல் முளைத்த இடம். மல்லிகைச் சரமும் வாழையிலையும் வெத்தலையும் விற்கிற கடைத்தெரு. 1940-லிருந்து நடக்கும் கஃபே மெட்ராஸின் வாசலில் பெயர் எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்து நின்றோம். இட்லிக்காக நாகர்கோவில்காரர் வரிசையில் நிற்பதா என்று அத்தை முதலில் முறைத்தார். ரசத்தில் மிதந்த இட்லியை ஒரு விள்ளல் வாயில் போட்டதும் முகம் மாறியது. டபராவில் காபி ஆற்றிக் குடித்து, வெளியே வந்து ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டார். பூக்காரம்மா தமிழில் பேசினார். “இந்த ஊர் நல்லா இருக்கே!” என்றார் அத்தை. காலையிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலேறி வந்து, அவர் மனதார ஒப்புக்கொண்டது இட்லியையும் மல்லிகையையும்.

அப்படியானால் மும்பையின் பேர் எப்படி இத்தனை வருடம் குறையாமல் நிற்கிறது? எனக்கு அது அன்று ராத்திரி புரிந்தது. தேஹு ரோடு வந்து சேர்ந்து, குளித்து, மோர் சாதம் சாப்பிட்டுவிட்டு மாமா நாகர்கோவிலில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். செலவு செய்து போய்ப் பார்த்துவிட்டு வந்து ‘சுமார்’ என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அப்படிச் சொன்னால் சுமாரானது ஊரா, போனவனா என்று கேள்வி வந்துவிடாதா?

“கடலா? எப்பா! கண்ணுக்கு எட்டின தூரம் கடல்தான். கூட்டமா? அதெல்லாம் சும்மா சொல்லுகான், நான் ரயில்ல சௌகரியமா நின்னுட்டு வந்தேன்” என்றார் மாமா. ஆசீர்வாதம் செய்த கையைத் தைலம் தேய்த்து நீவிக்கொண்டேதான் சொன்னார். “அமிதாப்பச்சனைப் பாத்தோம்லே. கார்ல போனாரு. கை காட்டினேன், அவரும் காட்டினாரு.”

“கேட்டைத்தானே பாத்தோம்!” என்று சமையலறையிலிருந்து அத்தை குரல் வந்தது.

மாமா போனைக் கையால் பொத்திக்கொண்டார். “அந்தக் கேட்டுக்குள்ளதானே இருக்காரு?”