‘எப்ப வந்தனீங்கள், எப்ப போறியள்?’: சரவணைப் படலைகளில் எழும் இரு வினாக்கள் பற்றிய ஆய்வு

யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றிலுள்ள எங்களூர் சரவணையில் ஒரு படலைக்கு முன்னால் விமான நிலையத் துண்டு ஒட்டிய பெட்டியோடு யாராவது இறங்கினால், பெட்டி நிலத்தைத் தொடுமுன் இரண்டு கேள்விகள் வந்து விழும். ‘எப்ப வந்தனீங்கள்?’ ‘எப்ப போறியள்?’ இரண்டுக்கும் நடுவில் மூச்சு விடும் வழக்கம் எங்களிடம் இல்லை. குடிவரவுத் திணைக்களம் தன் படிவத்தில் கேட்பதும் இதே இரண்டுதான். யார் யாரிடம் களவெடுத்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

பக்கத்து வளவு ஆச்சியின் பேத்தி ரொறொன்ரோவில் பிறந்து, அங்கே ஆசிரியப் பயிற்சி படிக்கிற பிள்ளை. மூன்று மாதம் சம்பளமில்லாமல் எங்களூர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீசு படிப்பிக்க வந்தாள். ஆய்வுக்கு உட்பட்டவர் அவளே. ஆய்வுக் கருவிகள்: எனது சாய்மனைக் கதிரை ஒன்று, கிடுகு வேலியில் பொட்டு ஒன்று. பொட்டு ஏற்கெனவே இருந்தது. ஆய்வுக்காகச் சற்றுப் பெருப்பித்தேன்.

முதலில் இலக்கணம். ‘வந்தனீங்கள்’ என்பது யாழ்ப்பாணத் தமிழுக்கே உரிய வடிவம். உற்றுப் பார்த்தால் உள்ளே ‘வந்த நீங்கள்’ நிற்கிறது. வினைமுற்று வேலையைச் செய்துகொண்டே வினையாலணையும் பெயரின் சாயலையும் வைத்திருக்கிறது. அதாவது, கேள்வி கேட்ட கணத்திலேயே வந்தவருக்கு ‘வந்த ஆள்’ என்று பெயர் விழுந்துவிடுகிறது. அடுத்தது ‘போறியள்’. போகப்போவது மூன்று மாதம் கழித்து, சொல்வதோ நிகழ்காலத்தில். காலத்தை மாற்றிச் சொல்வதற்கு விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று நன்னூலார் காரணம் காட்டுகிறார். இதில் எது என்று ஆச்சியிடம் கேட்டேன். “தெளிவுதான் மாஸ்ரர். வாறவை எல்லாம் போறவைதானே” என்றா.

கேட்கப்பட்ட தடவைகளை எண்ணும் பொறுப்பும் ஆச்சியுடையது. முதல் நாள் மத்தியானத்துக்குள் இரண்டு கை விரலும் முடிந்துவிட, அதற்குமேல் எண்ணுவது பிள்ளைக்குக் கண்ணூறு என்று நிறுத்திவிட்டா. ஆகவே இக்கட்டுரையில் அட்டவணை இல்லை.

இரண்டாவது கேள்வி மரியாதைக் குறைவு என்று வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் மனம் நோவதுண்டு. தவறு. இதற்கு இரண்டு விளக்கங்கள் உள்ளன. முதலாவதைப் பார்சல் கொள்கை எனலாம். போகிற நாள் தெரிந்தால்தான் மிளகாய் காயவைத்து, வறுத்து, இடித்துத் தூளாக்கிக் கட்ட முடியும். புழுக்கொடியலுக்கும் பினாட்டுக்கும் ஆள் சொல்ல வேண்டும். மற்றது வெற்று வளவுக் கொள்கை. 1990இல் இராணுவம் தீவுக்குள் இறங்கியபோது வேலணை, சரவணை, நாரந்தனை என்று ஊர் ஊராக வெளிக்கிட்டுப் போனோம். வருடங்கள் கழித்துத் திரும்பியவர்களும் உண்டு. கூரை போய், கிணறும் பூவரசும் மட்டும் நிற்கிற வளவுகளும் உண்டு. அந்த வளவுகளைத் தாண்டித் தினம் நடக்கிறவர்களின் வாயில் ‘எப்ப போறியள்’ தானாக வரும். நான் பார்சல் கட்சி. மற்றக் கட்சியோடு வாதாட விருப்பமில்லை.

முன்னோடிகள் விடயத்துக்கு வருவோம். 1816இல் அமெரிக்காவிலிருந்து வந்த டானியேல் பூர் என்ற மிசனரியிடமும் எங்கள் சனம் இந்தக் கேள்விகளைக் கேட்டிருக்கும் என்று துணியலாம். வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய செமினரியை நடத்தினார். நடுவில் மதுரைக்குப் போனார், அமெரிக்காவுக்கும் ஒருக்கால் போனார், இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டார். 1855இல் மானிப்பாயில் கொலரா வந்து இறந்தார். இரண்டாவது கேள்விக்கு 39 வருடம் பதில் சொல்லாமல் இருந்தவர் என்ற வகையில் அவர் முக்கியமானவர்.

எதிர்த்திசையில் போனவர் எங்கள் தீவின் கரம்பனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள். ரோமாபுரியில் படித்துக் குருவானவராகி, 1940இல் திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்துப் பள்ளிக்குப் படிப்பிக்கப் போனார். ஐரோப்பிய மொழிகள் பல தெரிந்தவருக்கு அங்கேதான் தன் தமிழ் போதாது என்று பட்டது. ஒரு பண்டிதரிடம் பாடம் கேட்டு, 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவனாய்ச் சேர்ந்தார். 1966இல் கோலாலம்பூரில் முதலாம் உலகத் தமிழ் மாநாடு கூடியதற்குப் பின்னால் நின்றவர் அவர். படிப்பிக்கப் போகிற இடத்தில் யார் படிக்கிறார்கள் என்பது முற்கூட்டியே சொல்ல முடியாத விடயம்.

எங்கள் பிள்ளை படித்த முதற்பாடம் தண்ணீர். ஆச்சி வீட்டுக் கிணறு சவர். சவுக்காரம் போட்டால் நுரைக்காது, தலைமயிர் தும்பாகும், தேத்தண்ணி உப்புக் கரிக்கும். குடிக்கிற நல்ல தண்ணிக்கு மண்கும்பான் பக்கத்து மணற்கிணறுகளைத் தேடுவது தீவாரின் பழைய வழக்கம். முதற்கிழமை அவள் போத்தல் தண்ணீரில் முகம் கழுவியதை வேலி வழியாகப் பதிவுசெய்தேன். மூன்றாம் கிழமை குறுக்குக்கட்டோடு நின்று துலாக்கயிறு பிடித்து அள்ளிக் குளித்ததை ஆச்சி சொல்லக் கேட்டேன். (அன்று பொட்டை அடைத்துவிட்டேன். ஆய்வுக்கும் ஒரு நெறி இருக்கிறது.)

மூன்றாவது கேள்வி ஒன்று இடையில் முளைத்தது. “சம்பளம் எவ்வளவு?” ஒன்றுமில்லை, தொண்டுக்கு வந்தனான் என்றாள் பிள்ளை. ஊருக்கு உடனே விளங்கிவிட்டது. வடக்கில் ‘தொண்டர் ஆசிரியர்’ என்றால் சண்டைக் காலத்திலிருந்து சம்பளமில்லாமல் படிப்பித்து, பிறகு நிரந்தர நியமனம் கேட்டுத் தெருவில் இருந்தவர்கள். “அவசரப்படாதை தங்கச்சி. வரவுப் பதிவுப் பிரதி எடுத்து வை. பத்து வருசத்திலை கிடைக்கும்” என்று கடைக்காரத் தம்பி தைரியம் சொன்னான். சம்பளம் வாங்குகிற ஆசிரியர்களே தீவுப் பக்கம் மாற்றம் வந்தால் முகம் கறுத்து, காலை பஸ்ஸில் வந்து பின்னேர பஸ்ஸில் போகிற இடம் இது. அவர்களிடம் இரண்டு கேள்வியும் ஒரே நாளில் செல்லும்.

வகுப்பில் நடந்தது இன்னொரு கதை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பழகிய ழகரத்தோடு அவள் ‘வாழைப்பழம்’ என்றதும் வகுப்பே சிரித்தது. “வாளப்பளம், ரீச்சர்” என்று திருத்தின பிள்ளைகள். பதிலுக்கு அவர்கள் அவளிடம் படித்த ‘வாடர்’ ஊரெங்கும் பரவிவிட்டது. முப்பது வருடம் நான் ‘வோட்டர்’ என்று படிப்பித்த ஊர் இது. இதைப் பற்றி மேலும் எழுத விரும்பவில்லை.

இனி முடிவுகள். முதல் நாள் ‘வந்தனீங்கள்’. இரண்டாம் கிழமை ‘வந்தனீர்’. ஐந்தாம் கிழமை ‘நீ’. இந்தத் தேய்வோடு ‘எப்ப போறாய்’ என்பதும் மெலிந்துகொண்டு வந்தது. ஐப்பசி மழை தொடங்கி, ஒழுங்கையில் கணுக்கால் தண்ணீர் நின்ற ஒரு காலை, அவள் யாழ்ப்பாணம் போக பஸ்சுக்கு நின்றாள். கடைவாசலில் நின்ற நாலு பேரில் ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. கேட்டது: “பிள்ளை, வரேக்க எனக்கொரு குடைக்கம்பி மாத்திக்கொண்டு வருவியே?” இன்னொருத்தி மருந்துத் துண்டு நீட்டினாள். ஒருவர் வானொலிக்கு பற்றரி. அவள் குறித்துக்கொண்டாள். ஊரில் ஊன்றியதற்கு ‘வரேக்க’ என்ற சொல்லைவிடப் பலமான சான்று என் ஆய்வில் கிடைக்கவில்லை.

குடைக்கம்பி பிழையான அளவில் வந்தது. ஊர்ப் பிள்ளைக்கு விழுகிற ஏச்சு அவளுக்கும் விழுந்தது.

மார்கழியில் அவள் போனாள். ஒன்பது கிலோ மிளகாய்த்தூளும் கூடப் போனது. சில மாதங்களில் ஆச்சிக்குக் கனடா விசா கிடைத்தது. செய்தி சொல்ல வட்ஸப்பில் எடுத்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். பேத்தி சந்தோசத்தில் கத்தினாள்: “ஆச்சி! எப்ப வாறியள்? எப்ப போறியள்?”

ஆச்சி போனைக் கதிரையில் குப்புற வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

“கேட்டியளே மாஸ்ரர், வெளிக்கிட முந்தியே போற நாள் கேக்கிறாள். தாய் வளத்த வளப்பு.”